ஊர்வலம் கலைந்த பின்னர்

சமாதானத்தை விரும்பாதவர் எவருமில்லை. ஆயின் அதற்காக எதனைக் கொடுக்க ஆயத்தமாயிருக்கிறோம்? வட அயர்லாந்து மக்களின் அனுபவம் இக்கேள்வியை நம்முன் வைக்கின்றது.

1976 ஓகஸ்ட் 10ஆம் நாள் பெல்பாஸ்ற் நகரில், பிரித்தானியப் படையினரின் சூட்டுக்கு இலக்கான ஐ.ஆர்.ஏ. உறுப்பினர் ஒருவர் ஓட்டிய கார் பாதையை விட்டு விலகிப் பாய்ந்தது. ஒரே தாயின் மூன்று பிள்ளைகள் மாண்டனர். அத்தாயின் சகோதரி மெயிரீட் கொரிகனும், பெற்றி வில்லியம்சும் அழைக்க, கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் ஆயிரக்கணக்கில் ஒன்றாக வீதியில் நடந்தனர். 1976ஆம் ஆண்டுக்கான நோபெல் சமாதானப் பரிசு அவ்விருவருக்கும் கிடைத்தது.

சில ஆண்டுகளுள் கூட்டம் குறைந்தது. இயக்கத்துள் பிணக்குகள் எழுந்தன. போராளிகளின் துப்பாக்கியைக் கண்டிப்போர் அரச படையின் துப்பாக்கியையும் அதே குரலில் கண்டிக்கிறார்களா என்று கத்தோலிக்கக் குடியிருப்புகளில் பலர் கேட்டனர். அக்கேள்வியை நாம் தள்ளிவிட முடியாது. நீதியைப் பற்றி வாய் திறவாத சமாதானம் பலமுள்ளவனுக்கே வசதியாக முடியும்.

அப்படியாயின் அம்முயற்சி வீணா? இல்லை, சமாதானப் பணி வேறு வடிவங்களில் தொடர்ந்தது. இரு சமயத்துப் பிள்ளைகளும் சேர்ந்து கற்பதற்கென்று 1981இல் பெற்றோர் சிலர் லேகன் கல்லூரியை ஆரம்பித்தனர். முதல் நாள் வந்த மாணவர் 28 பேர் மாத்திரமே. 1996இல் இரு சமூகப் பெண்களும் இணைந்து ஒரு கட்சி அமைத்து, சுமார் ஒரு வீத வாக்குடன் பேச்சுவார்த்தை மேசைக்குச் சென்றனர். 1998ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளி உடன்படிக்கையில் பாதிக்கப்பட்டோர் பற்றியும் கூட்டுக் கல்வி பற்றியும் வாசகங்கள் இடம்பெற அவர்களும் உழைத்தனர். அவ்வுடன்படிக்கையை வட அயர்லாந்து வாக்காளருள் 71 வீதத்தினர் ஏற்றனர்.

எனினும் பெல்பாஸ்ற் நகரில் இரு சமூகத்தாரையும் பிரிக்கும் மதில்கள் இன்றும் நிற்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் இன்றும் பிரிந்தே படிக்கின்றனர். இதன் காரணத்தை அரசியல்வாதிகளிடம் மாத்திரம் தேடுவது சரியன்று.

ஊர்வலத்துக்குச் செல்பவர் ஒரு மாலைப் பொழுதைக் கொடுக்கிறார். தம் பிள்ளையை மற்றவர் பிள்ளையின் பக்கத்தில் அமர்த்துபவரோ தம் பயத்தையே விட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முன்னதற்கு ஆயிரக்கணக்கானோர் வந்தனர். பின்னதற்கு ஒரு சில குடும்பங்களே முன்வந்தன. ஆயினும் ஊர்வலம் கலைந்த பின்னரும் அப்பணி நிலைத்தது அச்சிலராலேயே. அச்சிலருள் ஒருவராக நாம் இருந்திருப்போமா என்பதை ஒவ்வொரு பெற்றோரும் தம் மனச்சாட்சியிடம் கேட்டுப் பார்ப்பது நன்று.