கணக்குக் கேட்பதும் அறமே



உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானமும் இல்லறத்தார் கடமை. அத்தானம் சென்று சேரும் இடத்தை ஆராய்தலும் அக்கடமையின் பகுதியே. ஆயினும், ‘புண்ணியப் பணிக்குக் கணக்குக் கேட்கலாமா?’ என நாம் நாணுகிறோம்.

10-ஆம் நூற்றாண்டில், முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் குடவோலைத் தேர்வினின்று விலக்கியது. கணக்குக் காட்டுதலைப் பொறுப்பின் இலக்கணமாகவே நம் முன்னோர் கொண்டனர்.

சோமனூர் விசைத்தறியாளர், பாவில் ஓரிழை அறுந்தாலும் தறியை நிறுத்தி, இழையை முடிந்த பின்னரே நெசவைத் தொடர்வர். அது துணியின்மேல் கொண்ட வெறுப்பன்று, அக்கறை. ஓர் அறநிறுவனத்தில் சேருமுன்னும், நன்கொடை ஈயுமுன்னும் நமக்கும் அவ்வக்கறை வேண்டும்.

பதிவு எண் உண்டா? சங்கமாயின், 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் அளித்துள்ளதா? தணிக்கை அறிக்கையைக் காட்டுவார்களா? நிர்வாகிகள் யாவரும் ஒரே குடும்பத்தினரா? நூறு ரூபாயில் நோயாளியைச் சேர்வது எவ்வளவு? இவற்றைக் கேளுங்கள். வருமானவரிச் சலுகைச் சான்று மட்டும் போதாது. பணி நடந்ததற்கு அது சாட்சியாகாது.

மருந்துக்கென ஈந்த பொருள் வேறு வழியில் கரைந்தால் கள்ளாமை விரதம் குலைகிறது. நோயாளியும் மருந்தின்றி வாடுகிறார். மும்மூடம் நீங்கியதே நற்காட்சி என்று கற்ற நாம், கண்மூடி ஈதல் தகுமோ? நம் சமூகத்து அமைப்புகளும் இதற்கு விலக்கல்ல. நாம் பொறுப்பேற்கும் இடத்தில், பிறர் கேட்குமுன் நாமே கணக்கை விரித்து வைப்போமாக.

அறம் வளர்க!