யானைக்கும் பட்டா உண்டோ?

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றபோது, ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் அம்மா ஒருவர் கேட்டார்: "சாமி, கம்பத்துக்குள்ள வந்த அந்த ஆனையப் புடிச்சு எங்கயோ கொண்டுபோய் விட்டாங்களே, தப்பு அதோடதா, நம்மளோடதா?"

ராசிங்காபுரத்திலும் போடியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இது வேடிக்கைக் கேள்வியன்று. விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மலைக்குப் போகிறவர்கள், யானை எந்தப் பக்கம் நிற்கிறதென்று விசாரித்துக்கொண்டே போகிறார்கள்.

அவர் குறிப்பிட்டது அரிக்கொம்பனை. அரிசி தேடி வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்ததால் வந்த பெயர். 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் மயக்க ஊசி செலுத்தி அதனைப் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்டனர். ஒரு மாதம் நிறையுமுன், மே 27 அன்று, அது கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. அதன் தாக்குதலில் காயமுற்ற ஒருவர் சில நாட்களில் உயிர் துறந்தார். ஜூன் 5 அன்று மீண்டும் பிடிபட்டு, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

குற்றவாளி பிடிபட்டது, நாடுகடத்தலும் முடிந்தது. ஆனால் வழக்கு அதற்கும் வெகுமுன்னே தொடங்கிவிட்டது. சின்னக்கானலை அடுத்த நீர்த்தேக்கத்தின் பெயர் ஆனையிறங்கல். பெயரே சாட்சி சொல்கிறது. அந்த யானைகளின் நடமாட்டப் பரப்பில்தான் இருபதாண்டுகளுக்கு முன் நிலமற்ற பழங்குடிக் குடும்பங்களுக்குக் கேரள அரசு நிலம் வழங்கியது. 301 குடும்பங்கள்; ஆகவே 301 காலனி. யானைகள் வாழும் இடம் இது என்று வனத்துறையிலிருந்தே 2003-இல் எச்சரிக்கை எழுந்தது. பின்னர் குடியேறியோரில் பலர் அஞ்சி வெளியேறினர்.

இங்கேதான் என் மனம் இடறுகிறது. பேராசைக்காரன் காட்டை வளைத்தான் என்றால் தீர்ப்புச் சொல்வது எளிது. நிலமற்றவனுக்கு நிலம் தருவதோ, மண்ணின் நலன்கள் அனைவருக்கும் உரியவை என்னும் திருச்சபையின் போதனைக்கு இசைந்த நீதி. அந்த நீதியை நிறைவேற்ற, வாய் பேசாத மற்றோர் உயிரின் வழியை எடுத்துக் கொடுக்கலாமா?

விலங்குகள் மனிதனின் பயனுக்கென அமைந்தவை என்று புனித தோமா அக்வினா கற்பித்ததைக் குருமடத்தில் படித்தோம், தேர்விலும் எழுதினோம். ஒரே படைப்பால் இறைவனின் நன்மைத்தனத்தை வெளிப்படுத்த இயலாது, ஆகவே பலவகைப் படைப்புகள் என்றும் அவரே எழுதியிருப்பதை நான் வெகுகாலம் கருத்தூன்றிப் படிக்கவில்லை. தொடக்கநூலில் வெள்ளம் வடிந்தபின் கடவுள் நோவாவோடு மட்டும் உடன்படிக்கை செய்யவில்லை. பேழையிலிருந்து வெளிவந்த உயிரினங்கள் அனைத்தோடும் செய்தார். அயலானின் எல்லைக்கல்லை நகர்த்துவதை இணைச்சட்ட நூல் விலக்குகிறது. யானை கல் நடுவதில்லை. தாய் காட்டிய தடத்தைக் கன்று மிதிக்கிறது. அதுவே அதன் எல்லை.

'இறைவா உமக்கே புகழ்' மடலின் 35-ஆம் பத்தியில் திருத்தந்தை பிரான்சிஸ் இதனை வெளிப்படையாகவே தொட்டார். சாலையும் வேலியும் அணையும் வாழிடங்களைத் துண்டாக்குவதையும், விலங்குகளுக்கு வழித்தடம் விட்டுவைப்போர் குறைவென்பதையும் 2015-இல் எழுதினார்.

வழி விடுவது இயலாத காரியமன்று. நீலகிரியின் சீகூர்ப் பகுதியில் யானை வழித்தடத்தை வரையறுத்துத் தமிழக அரசு 2010-இல் ஆணையிட்டது. விடுதி உரிமையாளர்கள் வழக்காடினர். 2011-இல் சென்னை உயர்நீதிமன்றமும், 2020 அக்டோபர் 14 அன்று உச்சநீதிமன்றமும் அவ்வாணையை உறுதிசெய்தன. நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் குடியிருப்பு, வணிகம், வேளாண்மை என்று வண்ணம் தீட்டுகிறோம். வீட்டுமனைகள் மலையடிவாரத்தை நெருங்கும் ஊர்களில் விலங்கின் வழிக்கும் ஒரு வண்ணம் வேண்டும். மனைகள் விற்குமுன்னரே வேண்டும். விற்றபின் தீட்டினால், கடன்பட்டு மனை வாங்கிய எளியவன்தான் முதலில் அழுவான்.

இவ்வளவையும் அந்த அம்மாவிடம் சுருக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி சாமி, அப்ப அந்த முன்னூத்தியோரு குடும்பத்துக்கு எங்க எடம் குடுத்திருக்கணும்? மலையில ஏக்கர் ஏக்கரா வச்சிருக்கவங்ககிட்ட யாரும் கேக்கலையா?" என்றார்.

நான் விடை சொல்லுமுன், மறுநாள் ஜீப் எத்தனை மணிக்கு என்று கேட்க அவரை யாரோ அழைத்தார்கள்.