எண்ணெயும் எரிபொருளும்: ஓர் அறவியல் நோக்கு

உண்ணத்தக்க எண்ணெயை ஊர்தியின் இயந்திரத்தில் இட்டு எரித்தல் முறையாகுமா என்னும் வினா, நெடுங்காலம் மேலைநாட்டார் தமக்குள் நிகழ்த்திய விவாதமாகவே நமக்குத் தோன்றிற்று. 2022ஆம் ஆண்டு அதனை நம் வாயிலுக்கே கொண்டுவந்தது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளைத் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் விநியோகம் நிறுத்தப்பட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய உணவுப் பணவீக்கமோ 94.9 வீதம். டீசலும் சமையல் எண்ணெயும் ஒருங்கே அரிதாகிய அந்நாள்களில், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கலாமா எனச் சிந்திப்பது வெறும் ஏட்டுக் கல்வியன்று. மலையகத்திற் பிறந்து வளர்ந்த மாணாக்கன் என்ற முறையில், இவ்வினாவை நம் தோட்டங்களில் வைத்தே நோக்க விழைகின்றேன்.

இயலுமா என்பதில் ஐயமில்லை. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில், ருடோல்ப் டீசல் கண்ட முறையில் அமைந்த சிறிய இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயில் இயங்கிற்று. ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளையும் கடலையைக் கொண்டே அங்குள்ள இயந்திரங்களை இயக்கலாம் என்பது பிரெஞ்சு அரசின் எண்ணம். தாவர எண்ணெய் டீசலினும் பன்மடங்கு தடிப்பானது. அப்படியே ஊற்றினால் எரிபொருளைத் தூவும் நுண்துளைகளிற் கரி படியும். ஆகவே, டீசலில் இயந்திரத்தைத் தொடக்கி, அதன் வெந்நீரால் எண்ணெயைச் சூடாக்கி, பின்னரே எண்ணெய்க்கு மாற்றும் இரட்டைத் தாங்கி முறை கைக்கொள்ளப்படுகின்றது. நம் நாட்டின் முதன்மை எண்ணெயாகிய தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ 16 பாகை அளவினதே. போத்தலை அடுப்பருகே வைத்து உருக்கிய பின்னரே தாளிக்கும் நம் தாய்மார்க்கு இதனை எந்தப் பொறியியலாளரும் விளக்க வேண்டியதில்லை!

இனி, தகுமா என்பதே வினா. உணவை நெருப்பிலிடுதல் பாவம் என்று ஒரே சொல்லில் முடிப்பார் உளர். ஆயின், கோயில் விளக்கில் நல்லெண்ணெயும் இலுப்பெண்ணெயும் தலைமுறை தலைமுறையாக எரிந்துள்ளன. அதனை எவரும் பாவமென்று கூறவில்லை. எரித்தலிலேயே குற்றம் உண்டென்றால் விளக்கும் குற்றமாகும். எனவே குற்றத்தை, அது உண்டாயின், வேறிடத்திலேதான் தேடவேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஹற்றனிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். லீற்றருக்கு நான்கு கிலோமீற்றர் ஓடும் லொறி ஒருமுறை கீழிறங்க 33 லீற்றர் வேண்டும். மாதம் மூன்று லீற்றருடன் ஒரு லயத்துக் குடும்பம் சமைக்கின்றது எனக் கொண்டால், அந்த ஒரு பயணம் அக்குடும்பத்தின் பதினொரு மாத எண்ணெயைக் குடித்துவிடுகின்றது. இவ்வளவில் நின்றால் தீர்ப்பு எளிது. ஆனால் அந்த லொறியில் ஏற்றப்படுவது தேயிலை. மலையில் கொய்த கொழுந்து அன்றே தொழிற்சாலையை அடையாவிடின் பழுதாகும். கொழுந்து லொறி நின்றால் அடுத்த நாட் கூலியும் நிற்கும். நிறைமாதப் பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றதும் பல தோட்டங்களில் இந்த லொறியே. ஆகவே இயந்திரம் ஒருபுறம், ஏழையின் வயிறு மறுபுறம் என்று தராசை நிறுத்துவது உண்மைக்குப் பொருந்தாது. இரு தட்டுகளிலும் அதே தொழிலாளியே இருத்தல் கூடும். சித்திரையில் நுவரெலியாவுக்கு உல்லாசமாக வந்து செல்லும் காரையும் கொழுந்து லொறியையும் ஒரே சொல்லால் 'வாகனம்' என அழைப்பதே நம் சிந்தனையைக் குழப்புகின்றது எனலாம்.

இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் சந்தைக்கு இல்லை. அது கேட்பது விலையை மட்டுமே. பஞ்சம் உணவு இன்மையால் மட்டும் நேர்வதன்று, உணவைப் பெறும் உரித்து இன்மையாலும் நேர்வது என அமர்த்தியா சென் 1981இல் 'வறுமையும் பஞ்சங்களும்' என்னும் நூலில் நிறுவினார். நமக்கு இது புதிய செய்தியன்று. 1973 இறுதியில் உலக எண்ணெய் விலை பன்மடங்காகியது. அரிசிப் பங்கீடு குறைந்து மாவின் விலை ஏறிய அக்காலத்தில், 1974இல், தோட்டங்களிற் பட்டினியால் மாண்டோர் பலர். கூலியன்றிக் கையளவு நிலமும் இல்லாதவர் விலையுயர்வை எதனைக் கொண்டு எதிர்கொள்வர்? கார் வைத்திருப்பவரும் லயத்துத் தாயும் ஒரே எண்ணெய்க்கு ஏலங் கூறும் நாளில் வெல்பவர் யார் என்பது கூறாமலே விளங்கும்.

'உணவெண்ணெய் வேண்டாம், காட்டாமணக்கு, புங்கு போன்றவற்றைத் தரிசு நிலத்தில் நடுவோம்' என்பர் சிலர். இந்தியா தன் 2009ஆம் ஆண்டுக் கொள்கையில் இவ்வழியையே நம்பி, 2017க்குள் டீசலில் 20 வீதம் தாவர எரிபொருளைக் கலக்க எண்ணிற்று, அவ்விலக்கு எட்டப்படவில்லை. விளைச்சற் குறைவு ஒருபுறமிருக்க, 'தரிசு' என்னும் சொல்லே என்னை உறுத்துகின்றது. தேயிலை கைவிடப்பட்ட மலைச்சரிவு கணக்கேட்டில் தரிசு. ஆனால் மாட்டுக்குப் புல் அங்கிருந்து வருகின்றது; விறகு அங்கிருந்து வருகின்றது; போஞ்சியும் உருளைக்கிழங்கும் சிறு பாத்திகளில் அங்கே விளைகின்றன. தரிசு என்று எழுதுபவர் அந்நிலத்தை நம்பி வாழ்பவரல்லர். வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் காணிக்கு ஆண்டுக்கணக்காகக் காத்திருப்போரின் கண்முன், அதே சரிவுகளில் ஏக்கர் கணக்கில் எரிபொருள் மரங்களை நடுவது, 1900இல் பாரிஸில் எண்ணியதன் தொடர்ச்சியேயன்றி வேறில்லை: மண் இங்கே, உழைப்பு இங்கே, பயன் எங்கோ.

எஞ்சுவது பொரித்துக் கழிந்த எண்ணெய். நுவரெலியா விடுதிகளிலும் ஹற்றன் உணவகங்களிலும் நாள்தோறும் கழிவது மீண்டும் உணவுக்கு உதவாது. உதவினால் உடலுக்குத் தீங்கு. அதனை வடித்து, நீரகற்றி, சூடாக்கும் தாங்கியில் இட்டால் இயந்திரம் ஏற்கும். எவருடைய சட்டியிலிருந்தும் அது பறிக்கப்படுவதில்லை. எவருடைய புல்நிலமும் அதற்கு வேண்டியதில்லை. அளவோ மிகச் சிறிது. ஒரு சில லொறிகளுக்கே போதும். அச்சில லொறிகள் கொழுந்து லொறிகளாக இருக்கட்டும்.