கேட்கிற காது உண்டா?



நம் விருத்தாசலத்தில் செராமிக் வேலை செய்கிற சகோதரர்களுக்கு இது தெரியும். சூளையிலிருந்து எடுத்த கோப்பையை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்லது. சத்தம் மந்தமாய் வந்தால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்.

எனக்கு அந்தக் காது இல்லாமல் போனதைச் சாட்சியாகவே எழுதுகிறேன். உபவாசக் கூட்டம் முடிந்தபின் ஒரு தாயார் என்னிடம் வந்து, "ஐயா, ஒரு விஷயம் சொல்லணுங்க" என்றார்கள். சொல்லி முடிக்குமுன்னே தலையில் கைவைத்து, அந்நிய பாஷையில் பலமாய் ஜெபித்து அனுப்பிவிட்டேன். அடுத்த வாரமும் அப்படியே! மூன்றாம் வாரம் வாசலிலேயே நின்று, "மாடு செத்துப்போச்சுங்கய்யா" என்றார்கள். மணிமுத்தாற்றங்கரையில் நாம் கொட்டிய பிளாஸ்டிக் தட்டுகளைச் சோற்று வாசத்துக்காகத் தின்ற மாடு அது. வயிறு ஊதிக் கிடக்கிறதைச் சொல்லத்தான் அந்தத் தாயார் இரண்டு வாரம் வந்தார்கள். பால் ஊற்றித்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

அந்த இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட தட்டுகள் அவை. வாங்கச் சொன்னவன் நான். பீங்கான் ஊரில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் கப்பில் டீ குடிக்கிறோமே!

அன்று யோபு 31:38-40 வழியாய்க் கர்த்தர் என்னோடு இடைப்பட்டார். தன் நிலம் தனக்கு விரோதமாய்க் கூப்பிட்டிருந்தால், அதின் சால்கள் அழுதிருந்தால், கோதுமைக்குப் பதில் முள்ளே முளைக்கட்டும் என்கிறான் யோபு. நிலம் அழும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது பாருங்கள்!

தூரம் போகவேண்டாம். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்கத்துக்கான வாய்க்கால் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. பூமிக்கடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே பழுப்பு நிலக்கரி எடுக்க முடியும். கல்லெறிய நான் வரவில்லை. மின்சாரம் இல்லாவிட்டால் என் மைக் பேசாது. ஆனால் வயல் இழந்தவர் நம் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால், அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நாம் வாய் திறக்காமல் இருப்போமா? ரோமர் 8:22-ல் சிருஷ்டி முழுவதும் தவிக்கிற தவிப்பைப் பவுல் கேட்டாரே, அவருக்கு ஒலிபெருக்கியா இருந்தது? ஓரேபிலே எலியாவும் காற்றும் நெருப்பும் ஓய்ந்த பிறகுதான் கர்த்தரின் சத்தத்தைக் கேட்டான்.

அந்தத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு கன்றுக்காகச் சபையில் காணிக்கை எடுத்துவருகிறோம், இன்னும் நிறையவில்லை. வருகிற உபவாசக் கூட்டத்தில் பிரசங்கத்துக்கு முன் அரைமணி நேரம் மைக் இல்லை, நானும் பேசமாட்டேன். பாரம் உள்ளவர்கள் பேசுங்கள். டீ உண்டு, அவரவர் வீட்டுப் பீங்கான் கோப்பையை மறவாமல் கொண்டுவாருங்கள்.