அனுமதிச் சீட்டும் அண்டையார் ஹக்கும்

வாணிபம் செய்வோருக்கு லைசென்ஸ் புதிய பொருளன்று. கடை திறக்க ஒன்று, பெயர்ப் பலகை மாட்ட ஒன்று, உணவு விற்க ஒன்று என்று நம்மவர் வாழ்நாளில் ஒரு பகுதி அலுவலக வாசல்களிலேயே கழிந்துவிடுகிறது. சீட்டு கைக்கு வந்ததும் மனம் நிம்மதியடைகிறது. இனி நம்மை எவரும் கேள்வி கேட்க முடியாது என்று எண்ணுகிறோம். சர்க்கார் கேட்காது என்பது சரிதான். அல்லாஹ்வும் கேட்கமாட்டானா? இதுவே நாம் இங்கே ஆராயப் புகும் வினாவாகும்.

இதற்கு விடை காண, நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவில் நடந்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். நடு ஜாவாவில் ரெம்பாங் என்றொரு மாவட்டம் உண்டு. அங்கே கெண்டெங் என்னும் சுண்ணாம்புக்கல் மலைத்தொடர் செல்கிறது. அரசு பெரும்பங்கு வைத்திருக்கும் செமன் இந்தோனேசியா நிறுவனம், அம்மலையில் கல் வெட்டிச் சிமெண்டு ஆலை நடத்த விரும்பியது. நடு ஜாவா கவர்னர் 2012 ஜூனில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கினார். கல் வெட்டும் இடம் வத்துபுத்தே என்னும் நிலத்தடி நீர்ப்படுகையைச் சேர்ந்தது. அம்மலையின் ஊற்றுகளை நம்பிக் குடிநீர் எடுத்தும், நெல்லும் சோளமும் பயிரிட்டும் வந்த கிராமத்தார் அச்சங்கொண்டனர்.

அவர்கள் அச்சத்துக்குக் காரணம் உண்டு. சுண்ணாம்புக்கல் மழைநீரில் மெல்ல மெல்லக் கரையும் தன்மையது. ஆயிரமாயிரம் ஆண்டுகளில் அதன் உள்ளே வெடிப்புகளும் குகைகளும் நீரோடும் வழிகளும் உண்டாகின்றன. மலையின் மேற்பகுதி மழையை உறிஞ்சித் தேக்கி, கோடைக்காலத்தில் அடிவாரத்து ஊற்றுகளின் வழியே சிறிது சிறிதாக விடுகிறது. அம்மேற்பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் மழைக்காலத்து நீர் ஒரேயடியாக ஓடிவிடும். கோடையில் ஊற்று வற்றும். நீரைச் சேர்த்து வைக்கும் பாத்திரம் அந்தக் கல்லேதான். கல்லைச் சிமெண்டாக்கி விற்ற பின் பாத்திரத்துக்கு எங்கே போவது? ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளைக் கண்டிருக்கும் நம் வர்த்தகர்களுக்கு இம்மலைகளின் இயல்பை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கிராமத்தார் 2014 செப்டம்பரில் செமாராங் நகரின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அனுமதியை எதிர்ப்போர் 90 நாட்களுக்குள் வரவேண்டும் என்பது சட்டம். இவர்கள் காலங்கடந்து வந்தார்கள் என்று கூறி, 2015இல் அந்நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று. மேல்முறையீடும் தோற்றது. நீர் வற்றுமா வற்றாதா என்பதைவிட, நாட்கள் கடந்தனவா இல்லையா என்பதே முதலில் பெரிதாயிற்று. 2016 ஏப்ரலில் ஒன்பது பெண்கள் ஜகார்த்தாவில் அதிபர் மாளிகைக்கு எதிரே தங்கள் பாதங்களைச் சிமெண்டுக் கலவையில் பதித்து அமர்ந்தனர். நிலம் போனால் தங்கள் கால்களும் இப்படித்தான் கட்டுண்டு போகும் என்பது அவர்கள் உணர்த்த விரும்பிய பொருள்.

அதே ஆண்டு அக்டோபரில் இந்தோனேசிய உச்ச நீதிமன்றம் வழக்கை மறு ஆய்வு செய்து, கவர்னரின் அனுமதியை ரத்துச் செய்தது. ஊராரின் குடிநீருக்கும் பாசனத்துக்கும் என்ன ஏற்பாடு என்பதைச் சுற்றுச்சூழல் ஆய்வுப் பத்திரம் தெளிவாகக் கூறவில்லை என்பது அது கண்ட குறைகளில் ஒன்று. ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. பத்திரங்கள் திருத்தப்பட்டு, 2017 பிப்ரவரியில் புதிய அனுமதி வழங்கப்பட்டது. அடுத்த மாதம் மீண்டும் பாதங்களைச் சிமெண்டில் பதித்துப் போராடினர். அதில் பங்கு கொண்ட பெண் விவசாயி ஒருவர் ஜகார்த்தாவிலேயே மாரடைப்பால் காலமானார். இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் நாம் கேட்டாக வேண்டும். சிமெண்டு இல்லாமல் வீடு இல்லை, பாலம் இல்லை; நாம் தொழும் பள்ளிவாசலும் இல்லை. ஆலையில் வேலை கிடைக்குமென்று அதை வரவேற்ற ஊராரும் இருந்தனர். நிறுவனத்தாரும் கள்ளத்தனமாக வந்து தோண்டவில்லை. அனுமதி கேட்டுப் பெற்றே வந்தனர். முறையாகப் பெற்ற சீட்டைப் பிறகு வந்து செல்லாது என்றால், முதல் போட்டவன் எதை நம்பித் தொழில் செய்வான்? வியாபாரிகளாகிய நாம் இக்கேள்வியை அலட்சியம் செய்ய இயலாது.

ஆனால் சீட்டு எதைத் தருகிறது என்பதைச் சிந்திக்க வேண்டும். தோண்டுபவனைச் சர்க்கார் தண்டிக்காது என்ற உறுதியை அது தருகிறது. பிறருக்குரிய தண்ணீரைத் தோண்டுபவனுக்கு உரிமையாக்கும் சக்தி எந்தச் சீட்டுக்கும் இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம்மிடமே வழக்குக் கொண்டு வந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை செய்தார்கள். ஒருவன் தன் வாய்ச் சாதுரியத்தால் தீர்ப்பைத் தன் பக்கம் பெற்றுவிடலாம். அதனால் சகோதரனின் ஹக்கு அவனுக்குக் கிடைத்தால், அவன் பெற்றது நெருப்பின் ஒரு துண்டே என்பது அதன் கருத்து. நபியவர்களின் சபையில் பெற்ற தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், ஓர் அதிகாரியின் முத்திரை எம்மாத்திரம்?

நம் ஃபிக்ஹு நூல்கள் கிணற்றுக்கு ஹரீம் என்றொரு எல்லை வகுத்தன. எவருக்கும் சொந்தமில்லாத தரிசு நிலத்தில் ஒருவர் கிணறு வெட்டியபின், அதன் நீரைக் கெடுக்கும் வண்ணம் அவ்வெல்லைக்குள் மற்றொருவர் தோண்டலாகாது. அவ்வெல்லை நாற்பது முழம் என்று உதுமானியர்களின் மஜல்லா சட்டம் கூறிற்று. மத்ஹபுகளிடையே அளவில் கருத்து வேற்றுமை உண்டு. அடிப்படையில் வேற்றுமை இல்லை. முன்பே வெட்டிய அத்தகைய கிணற்றின் ஹரீமுக்குள் தோண்டி அதன் நீரைக் கெடுக்கப் பின்வந்தவனுக்கு அதிகாரமில்லை என்பதே அடிப்படை.

இன்னொன்றும் உண்டு. நம் கடையில் விற்ற துணி பழுதென்றால் மாற்றித் தருகிறோம். எடை குறைந்தால் ஈடு செய்கிறோம். வாணிபத்துத் தவறுகளில் பல திருத்தக்கூடியவை. வெட்டி எடுத்த மலையை எவராலும் திருப்பி வைக்க முடியாது. திருத்த முடியாத காரியத்தில், தீங்கு வரும் என்று நிரூபிக்கும் பாரத்தை ஏழை விவசாயி மீதும், அவன் எண்ணும் 90 நாட்கள் மீதும் சுமத்துவது நீதியாகாது. தீங்கு வராது என்று காட்டும் கடமை தோண்டுபவனையே சாரும். இலாபம் யாருக்கோ பொறுப்பும் அவருக்கே என்பது நம் பங்கு வியாபாரத்திலும் உள்ள நியாயந்தானே?

மதீனாவில் ரூமா என்றொரு கிணறு இருந்தது. அதன் சொந்தக்காரர் தண்ணீரை விலைக்கு விற்று வந்தார். அது அவர் உடைமை, விற்கத் தடையில்லை. ஆயினும் ஏழைகள் தாகத்தால் வருந்தினர். உதுமான் (ரலி) அவர்கள் அக்கிணற்றை விலைக்கு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக வக்ஃபு செய்தார்கள். அவர்கள் ஒரு வியாபாரி என்பதை நாம் மறக்கலாகாது. தமக்கு எது அனுமதிக்கப்பட்டது என்று கேட்பதோடு நில்லாமல், ஊருக்கு எது தேவை என்றும் கேட்ட வியாபாரி அவர்கள்.

நம்மில் மலை வெட்டுவோர் சிலரே இருக்கலாம். எனினும் சிமெண்டும் கல்லும் மணலும் விற்போர், வாங்குவோர், அத்தொழில்களில் பங்கு வைத்திருப்போர் பலர். சரக்கு எந்த மண்ணிலிருந்து வந்தது, அந்த மண்ணின் மேல் வாழ்ந்தவர்களுக்குத் தண்ணீர் மிஞ்சியதா என்று விசாரிப்பது வியாபாரத்துக்கு இடையூறு அன்று. நம் முதலை ஹலாலாக வைத்துக்கொள்ளும் வழியாகும். சீட்டைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவோம். அதற்கு மேலும் ஒரு கணக்கு இருக்கிறது என்பதை நெஞ்சில் மாட்டிக்கொள்வோம். அக்கணக்கை எளிதாக்கித் தர அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.