70 சதவிகித மழை

எதிர் ஃபிளாட் நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். வழக்கமாக பேப்பரை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அன்றைக்கு உட்கார்ந்தார். விஷயம் பெரிசு என்று அப்போதே புரிந்துவிட்டது.

“சார், நீங்கதான் என் பொண்ணுகிட்ட பேசணும். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடிச்சிட்டா. எம்.பி.ஏ. சேரும்மான்னா, கொச்சி பல்கலைக்கழகத்துல எம்.எஸ்ஸி. மீட்டியராலஜி படிக்கப் போறேங்கறா. மழை வருமா, வராதான்னு சொல்றதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா? அதையும் தப்பாத்தானே சொல்றாங்க!”

உள்ளுக்குள் எனக்கும் அதே சந்தேகம்தான். நான் பி.காம். பத்து பைசா இடித்தாலும் ராத்திரி தூக்கம் வராத படிப்பு அது. ‘வரலாம், வராமலும் போகலாம்’ என்பதற்கு ஒரு பட்டமா?

சாயங்காலம் அந்தப் பெண்ணிடம் நேரடியாகவே கேட்டேன். “போன வாரம் 70 சதவிகிதம் மழைன்னு சொன்னாங்க. குடையைத் தூக்கிட்டு அலைஞ்சேன். ஒரு சொட்டு விழலை. இது தப்பா, இல்லையாம்மா?”

“அந்த ஒரு நாளை வெச்சு சொல்ல முடியாது அங்கிள். 70னு சொன்ன நாளையெல்லாம் தனியா எடுத்து வெச்சுப் பாருங்க. பத்துக்கு ஏழு நாள் பெஞ்சிருந்தா சொன்னவர் சரி. எப்பப் பார்த்தாலும் பத்துக்குப் பத்து பெஞ்சிருந்தா அவர் தப்பு!”

பெய்தாலும் தப்பா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் அந்தப் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் துருவிப் பார்த்தேன்.

1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட்வர்ட் லோரன்ஸ் என்ற விஞ்ஞானி கம்ப்யூட்டரில் ஒரு வானிலைக் கணக்கைத் திரும்ப ஓடவிட்டார். 0.506127 என்று போட வேண்டிய இடத்தில் 0.506 என்று சுருக்கிப் போட்டார். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், இரண்டாவது விடை முதல் விடையோடு சம்பந்தமே இல்லாமல் எங்கேயோ போயிருந்தது. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத வித்தியாசம், கொஞ்ச நாளில் வானத்தையே மாற்றிவிடுகிறது. நாம் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், சுமார் இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு குறிப்பிட்ட நாளின் வானிலையைச் சொல்வது கஷ்டம் என்பது அதிலிருந்து வந்த பாடம். தன் அறிவு எங்கே முடிகிறது என்பதையும் பாடத்திட்டத்தில் வைத்திருக்கும் படிப்பு வேறு எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்?

அதனால் இன்றைக்கு ஒரே வானத்தை, தொடக்கத்தைத் துளித்துளி மாற்றிப் போட்டு, ஐம்பது தடவை கணக்குப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய 35 தடவை மழை வந்தால், அதுதான் நம் வீட்டுக்கு வரும் ‘70 சதவிகிதம்’.

என்னை அசத்தியது இன்னொரு விஷயம். 1950-ல் அமெரிக்க வானிலைத் துறையின் கிளென் பிரையர் என்பவர், கணிப்பவருக்கே மார்க் போட ஒரு வழி சொன்னார். மழை வந்தால் 1, வராவிட்டால் 0. நீங்கள் சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அதே எண்ணால் பெருக்குங்கள். அது தண்டனை மார்க். 70 சொல்லி மழை வந்தால் 0.09. வராவிட்டால் 0.49. ‘கட்டாயம் வரும்’ என்று 100 சொல்லி வராவிட்டால் முழுசாக 1. ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று தினமும் 50 சொல்கிறவருக்கு, தினமும் 0.25. தலைக்கனத்துக்கும் தண்டனை, கோழைத்தனத்துக்கும் தண்டனை! நாளாக நாளாக இந்தக் கணக்கில் தேற ஒரே வழிதான் உண்டு. மனதில் என்ன நினைக்கிறோமோ, கூட்டாமல் குறைக்காமல் அதைச் சொல்ல வேண்டும்.

சரி, இப்போது நிஜமான கேள்விக்கு வருகிறேன். நல்லதுக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன?

புயல் கரைப்பக்கம் வர 30 சதவிகிதம் வாய்ப்பு என்று ஒருவருக்குத் தெரிகிறது. 30 என்றால் யாரும் மதிக்க மாட்டார்கள். 80 என்று சொன்னால் படகுகள் கரையிலேயே நிற்கும், உயிர் பிழைக்கும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டிப் போட்டபோது, ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. திரும்பி வராதவர்களின் வீடுகளை நினைத்தால், கூட்டிச் சொல்லிவிட்டுப் போகட்டுமே என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

ஆனால், கரையில் நிற்கிற ஒவ்வொரு நாளும் அந்த வீட்டில் அடுப்புப் பிரச்னை. கூட்டிச் சொன்னதற்கான விலையைச் சொன்னவர் தருவதில்லை, கேட்டவர் தருகிறார். மூன்று தடவை வீணாகப் போனால், நாலாவது தடவை நிஜப் புயல் வரும்போது யார் கேட்பார்கள்? அதைவிட முக்கியம், தன் உயிரைப் பற்றி முடிவெடுக்கிறவனுக்குச் சரியான எண்ணைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. பொய்யான எண்ணைக் கொடுத்தால், அவனுக்குப் பதிலாக நாமே முடிவெடுத்துவிட்டோம் என்றுதானே அர்த்தம்?

2013 அக்டோபரில் பைலின் புயல் ஒடிசாவை நோக்கி வந்தது. அது சூப்பர் புயலாகும் என்றுகூட வெளிநாட்டு நிபுணர்கள் சிலர் சொன்னார்கள். நம் வானிலைத் துறை, ‘கடுமையான புயல், ஆனால் அந்த அளவுக்கு இல்லை’ என்று தன் கணிப்பிலேயே நின்றது. நின்றது சரி என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் சுமார் பத்து லட்சம் பேரை அரசாங்கம் முன்கூட்டியே வெளியேற்றியது. 1999-ல் அதே ஒடிசாவில் புயலுக்குச் சுமார் பத்தாயிரம் பேர் பலியானார்கள். 2013-ல் பலி சில பத்துகளோடு நின்றது.

பாருங்கள், யாரும் மிகைப்படுத்தவில்லை. உள்ளதைச் சொன்னது ஒருவர் வேலை. அந்த அளவுக்கே மக்களை நகர்த்த வேண்டும் என்று முடிவெடுத்தது இன்னொருவர் வேலை. எங்கள் பி.காம். பாஷையில் சொன்னால், ‘வாரா ஐயக்கடன் ஒதுக்கு’. கடன் வராமல் போகலாம் என்பதை ஒளிக்காமல் எழுதி, அதற்கும் பணம் ஒதுக்கி வைப்பது. கணக்கை மாற்றி எழுதுவது வேறு, எச்சரிக்கையாக இருப்பது வேறு.

பருவநிலை விஞ்ஞானிகளுக்கும் இதே சோதனைதான். தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பதிவான ஆண்டுகளிலேயே அதிக வெப்பமான ஆண்டு 2024. இதற்கு மேல் எதற்குப் பூச்சாண்டி? உண்மையே போதுமான அளவு பயமாக இருக்கிறது.

என் தொழிலையும் நினைத்துக்கொண்டேன். ஒரு தேர்தலில் இன்னார்தான் ஜெயிப்பார் என்று அடித்து எழுதினேன். தோற்றார். அடுத்த வாரம் வேறு விஷயத்துக்குப் போய்விட்டேன். மார்க் போட யாரும் இல்லை. ஜோசியருக்கு இல்லை, ஷேர் மார்க்கெட் நிபுணருக்கு இல்லை, ‘நான் அப்பவே சொன்னேனே’ என்கிற மாமாவுக்கும் இல்லை. நாளையைப் பற்றிப் பேசுகிறவர்களில் மழைக்காரர் ஒருவர்தான் தன் தப்புக்குத் தானே கணக்கு வைத்திருக்கிறார். நாம் அவரைத்தான் கேலி செய்கிறோம். நீங்கள் உங்கள் வீட்டில் அடித்துச் சொன்னதற்கெல்லாம் ஒரு நோட்டுப் போட்டால், எத்தனை தேறும்?

அந்தப் பெண் கொச்சியில் சேர்ந்துவிட்டாள். போன வாரம் நண்பர் லிஃப்ட்டில் மறித்தார்.

“போன் பண்ணி நாளைக்கு மழை வருமான்னு கேட்டா, 60ங்கறா சார். குடை எடுக்கணுமா, வேண்டாமான்னு சொல்லுடின்னேன். அது உங்க முடிவுப்பான்னு போனை வெச்சிட்டா!”

மறுநாள் காலையில் பால்கனியிலிருந்து பார்த்தேன். நல்ல வெயில். நண்பர் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார். பின்சீட்டில் குடையைக் கட்டியிருந்தார்.