படித்தவற்றின் கணக்கு

சாந்தோக்ய உபநிஷதத்தின் ஏழாம் அத்தியாயத்தில் நாரதர், சனத்குமாரரை அணுகி உபதேசம் வேண்டி நிற்கிறார். அவர் இதுவரை கற்றவற்றை முதலில் கூறுமாறு குரு பணிக்கிறார். நாரதர் ஒரு நீண்ட பட்டியலைச் சமர்ப்பிக்கிறார். நான்கு வேதங்கள், இதிகாச புராணங்கள், இலக்கணம், கணிதம், தர்க்கம், வானியல் என்று அது விரிகிறது. பட்டியலின் முடிவில் அவர் மனம் திறந்து ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறார். இத்தனை கற்றும் தாம் சொற்களை அறிந்தவரேயன்றி ஆத்மாவை அறிந்தவரல்லர். துயரத்தைக் கடக்கவும் இல்லை.

படித்த நூல்களைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் நல்ல வழக்கம் நம்மிடையே பலருக்கு உண்டு. நூலின் பெயர், படித்து முடித்த நாள், மனத்தைத் தொட்ட கருத்துகள் என ஏடுகள் நிரம்புகின்றன. ஆண்டின் இறுதியில் எண்ணிப் பார்க்கும்போது ஒரு நிறைவும் தோன்றுகிறது. அந்த நிறைவு எதைப் பற்றியது? அறிவு வளர்ந்ததைப் பற்றியதா, எண்ணிக்கை வளர்ந்ததைப் பற்றியதா? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டால், பற்றை விடச் சொல்லும் நூல்களின் பட்டியலே ஒரு புதிய பற்றாகிவிடும். பொருளைச் சேர்ப்பவனுக்குத் தன் ஆசை கண்ணுக்குத் தெரிகிறது. நூல்களைச் சேர்ப்பவனுக்கோ அது சாதனை போலவே காட்சியளிக்கிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் குறிப்பேடே வேண்டாமா? காந்தியடிகளின் வாழ்க்கை இதற்கு விடை தருகிறது. 1904-ஆம் ஆண்டு ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் சென்றபோது ரஸ்கினின் 'அன்டு திஸ் லாஸ்ட்' என்னும் நூலை அவர் படித்தார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. பின்னாளில் அந்நூலின் சாரத்தை மூன்று கருத்துகளாகத் தமது சுயசரிதையில் எழுதினார். அனைவரின் நன்மையிலேயே தனிமனிதனின் நன்மை அடங்கியுள்ளது. வழக்கறிஞரின் தொழிலுக்கும் நாவிதரின் தொழிலுக்கும் மதிப்பு ஒன்றே. உடலால் உழைத்து வாழும் வாழ்வே வாழத்தக்கது. இவற்றுள் முதலாவது தமக்கு முன்பே தெரியும் என்றும், இரண்டாவது மங்கலாகப் புலப்பட்டிருந்தது என்றும், மூன்றாவது ஒருபோதும் தோன்றியதில்லை என்றும் அவர் பிரித்துக் காட்டுகிறார். அவ்வாண்டே டர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸ் குடியிருப்பு உருவாயிற்று. 1922 முதல் 1924 வரை எரவாடா சிறையில் இருந்தபோதும், தாம் படித்த நூல்களை நாட்குறிப்பில் அவர் பதிவு செய்துவந்தார்.

சாதகனின் குறிப்பேடு எப்படி அமைய வேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகிறது. தெரிந்திருந்தது எது, அரைகுறையாகத் தெரிந்திருந்தது எது, இன்றுதான் தெரிந்துகொண்டது எது என்று அவன் பிரித்து எழுதலாம். அதற்கு எதிரே ஒரு பத்தியைக் காலியாக விட்டுவைக்கட்டும். படித்ததை வாழ்வில் கடைப்பிடித்த பிறகே அந்த இடத்தை நிரப்ப வேண்டும். கோபத்தை வெல்வது பற்றிய நூலைப் படித்து முடித்த நாளை எழுதுவது எளிது. வீட்டாரிடம் கடிந்து பேசாமல் இருந்த நாளை எழுதுவதே கடினம். காலியாகக் கிடக்கும் பத்தியைக் கண்டு மனம் கூசுமானால், குறிப்பேடு தன் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

கேட்டல், சிந்தித்தல், இடையறாது தியானித்தல் என்று வேதாந்தம் மூன்று படிகளைக் கூறுகிறது. நூலை வாசிப்பது முதற்படியைச் சேர்ந்தது. குறிப்பெழுதி அதைத் திரும்பத் திரும்ப எண்ணுவது இரண்டாம் படிக்குத் துணை. மூன்றாம் படியில் ஏட்டுக்கு வேலையில்லை. அங்கே வாழ்க்கையே ஏடு.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் ஒரு கடிதத்தைப் பற்றிய கதை சொல்வார். ஊரிலிருந்து வந்த கடிதம் காணாமல் போகிறது. வீட்டார் பதற்றத்துடன் தேடிக் கண்டெடுக்கின்றனர். இனிப்பும் துணியும் வாங்கி அனுப்ப வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. செய்தி தெரிந்துவிட்ட பிறகு கடிதம் தேவையில்லை. கடைக்குச் சென்று அப்பொருள்களை வாங்குவதுதான் மீதமுள்ள வேலை.

நூல்களும் குறிப்பேடுகளும் அத்தகைய கடிதங்களே. செய்தி மனத்தில் பதியும்வரை அவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குமேல் கடிதத்தையே அழகு பார்த்துக்கொண்டிருந்தால் இனிப்பும் வராது, துணியும் வராது. நாரதரின் பட்டியல் வீண்போகவில்லை. தம்மிடம் இல்லாதது எது என்பதை அறியும் பணிவை அதுவே அவருக்குத் தந்தது. அந்தப் பணிவு அவரைக் குருவின் திருவடியில் சேர்த்தது. நம் குறிப்பேடும் அந்த இடம்வரை நம்மை அழைத்துச் சென்றால் போதும்.